ஆளில்லாத பிரகாரம்

ராணுவப் பணியை விட்டு ஊட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த எட்மண்ட் டேவிட் லயன், சென்னை அரசாங்கத்துக்காக 1867–68இல் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்தபோது இராமேஸ்வரத்துக்கும் வந்தார். பாம்பன் ரயில் பாலம் 1914இல்தான் வந்தது. அதற்கு முன் மண்டபத்துக்கு அப்பால் எதுவானாலும் படகில்தான் போயாக வேண்டியிருந்தது. அக்காலத்தில் பரவலாக இருந்த ஈரக் கொலோடியன் முறையோ பொறுமையைச் சோதிப்பது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டில் கழுவி முடிக்க வேண்டும். நம் வெயிலில் அந்த ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? வெளிச்சம் எப்போது, எந்தப் பக்கமிருந்து வரும் என்று முன்கூட்டியே கணித்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இயற்கை வெளிச்சத்தில் நிதானமாகப் படமெடுப்பது மனத்தை நிகழ்கணத்தில் நிறுத்தும் தியானம் என்று இப்போது சொல்கிறோமே, அந்த நிதானம் அன்று ரசாயனம் விதித்த கட்டாயம்.

ஆனால் அந்தக் கவனம் எதைப் பார்த்தது, எதைத் தவறவிட்டது என்பதுதான் கேள்வி. 18ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்கள் கட்டி முடித்த இராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 690 அடி, தெற்கு வடக்காக ஏறத்தாழ 435 அடி. இவ்வளவு நீளமான நிழலுக்குள் அன்றைய தகடு நிமிடக் கணக்கில் திறந்திருக்க வேண்டும். தூண் அசையாது, பதிந்துவிடும். ஈரத் துணியோடு தீர்த்தம் தீர்த்தமாகப் போகும் யாத்திரிகர் பதியமாட்டார், மிஞ்சினால் ஒரு புகைத்தடம். இத்தகைய படங்களில் கோயில் ஆளரவமற்ற கலைப்பொருளாக நின்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியக் கட்டடப் படங்களைச் சேர்த்து வைத்து ஆராய்ந்த ஜேம்ஸ் பெர்குசன், 1876இல் வெளிவந்த தம் நூலில், திராவிடக் கலையின் அழகுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கோயிலைக் காட்டச் சொன்னால் இராமேஸ்வரத்தையே காட்டலாம் என்றார். குறைகள் எல்லாவற்றுக்கும் அதையே காட்டலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டுமே நின்று பார்ப்பவரின் தீர்ப்புகள். பிரகாரம் சுற்றி நடப்பதற்காகக் கட்டப்பட்டது. அதன் வெளிச்சமும் நடப்பவருக்கே முழுதாகக் கிடைக்கும்: வாசலருகே கண்கூசும், நடுவே மங்கும், மூலை திரும்பியதும் வேறொரு வெளிச்சம்.

குற்றம் ரசாயனத்தினுடையது, கண்ணுடையதல்ல என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். பாதி நியாயம்தான். ஆனால் உலர்தகடும் பிலிமும் வந்து, நொடிக்குள் படமெடுக்க முடிந்த பிறகும், அஞ்சலட்டையிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் இடம்பிடித்தது பெரும்பாலும் ஆளில்லாத பிரகாரம்தானே. தொழில்நுட்பத்தின் குறை, ரசனையாக நிலைத்துவிட்டது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: அந்தப் பொறுமை இல்லாவிட்டால், வண்ணப் பூச்சுக்கும் மின்விளக்குக்கும் முந்தைய தூண்களைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும்? அதை மறுக்க முடியாது. கல்லுக்கு அந்தப் படங்கள் அரிய சாட்சி. படமெடுத்தவரின் ஒருமுகத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. ஒருமுகம் இருந்தாலே முழுப்பார்வை வந்துவிடும் என்ற எண்ணத்தைத்தான் சந்தேகிக்கிறேன்.

தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கைபேசியில் படமெடுப்பவர்களுக்கு இப்பகுதியில் மிஞ்சியிருப்பது பாம்பனும் தனுஷ்கோடியும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயச் சுவர்மீது காலை வெயில் விழுவதற்காக நிதானமாகக் காத்திருப்பவர்கள் உண்டு. மனத்தை அடக்க நல்ல பயிற்சி என்றும் சொல்வார்கள். இருக்கலாம். அவர்கள் கொண்டுபோகும் படங்களில் தனுஷ்கோடி பெரும்பாலும் யாருமற்ற பேயூர். குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த பிறகும் அங்கேயே கடலுக்குப் போய் வரும் மீனவக் குடும்பங்களும், இடிபாட்டுக்கு அருகிலேயே சங்கும் சோழியும் விற்கும் கடைகளும் சட்டகத்துக்கு வெளியே ஒதுக்கப்படுகின்றன. இதற்கு ஈரத் தகட்டைக் காரணம் சொல்ல முடியாது.