தக்காளி வழக்கில் கூலிப் பெண்கள்

வெளிநாட்டுக் காய்கறி அநியாய விலைக்கு வந்து குவிந்து உள்நாட்டு விவசாயத்தைக் கெடுக்கிறதா என்பதை ஓர் அரசு எப்படி விசாரிக்கிறது? இதை அறிய நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் மெக்சிகோ தக்காளிமீது நடந்த வழக்கு. 1978இல் தொடங்கிய சச்சரவு 2025இலும் ஓயவில்லை. வணிகச் சட்டத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம் கிடையாது. தக்காளியைப் பறிக்கிறவர்களும் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறவர்களும் இந்த விசாரணையில் எந்த இடத்தில் வருகிறார்கள் என்று பார்க்க விரும்பினேன்.

குளிர்காலத்தில் அமெரிக்கர்கள் உண்ணும் தக்காளி பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வந்தது: புளோரிடா, மெக்சிகோவின் சினலோவா. 1978 செப்டம்பரில் புளோரிடா விவசாயிகள் கருவூலத் துறையிடம் மனுக் கொடுத்தார்கள். தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி, கத்தரிக்காய் எல்லாம் அதில் இருந்தன. 1980 மார்ச்சில் மனு தோற்றது. அழுகும் பொருளைச் சில நாள் அடக்க விலைக்குக் கீழே விற்றுத்தான் ஆகவேண்டும், அதுவே குவிப்பு ஆகிவிடாது என்று அரசு ஏற்றுக்கொண்டது. காய்கறி விற்றுப் பழகிய எந்தப் பெண்ணும் இதைச் சொல்லியிருப்பாள்.

1994இல் நாஃப்தா ஒப்பந்தம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மெக்சிகோவின் பேசோ மதிப்பு சரிந்தது. மெக்சிகோ தக்காளி டாலர் கணக்கில் மலிவானது. 1996 ஏப்ரலில் புளோரிடா அமைப்புகள் மறுபடி மனுக் கொடுத்தன. விசாரணை இரண்டு இடங்களில் நடந்தது. சொந்த நாட்டு விலைக்கோ அடக்க விலைக்கோ கீழே விற்றார்களா என்பதை வணிகத் துறை பார்க்கும். அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குச் சேதம் உண்டா என்பதைச் சர்வதேச வணிக ஆணையம் பார்க்கும். ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாள் முன்பாக, அக்டோபர் 28 அன்று, விசாரணை சமரசத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. பவுண்டுக்கு 20.68 சென்ட், அதாவது 25 பவுண்டுப் பெட்டிக்கு 5.17 டாலர். அதற்குக் கீழே விற்பதில்லை என்று மெக்சிகோ ஏற்றுமதியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த விசாரணையின் கணக்குமுறையில்தான் எனக்குக் கேள்வி. அடக்க விலையில் கூலியும் சேர்ந்திருக்கிறது. கூலி குறைந்தால் அடக்க விலை குறையும். அடக்க விலை குறைந்தால், அதற்குக் கீழே விற்றதாக நிரூபிப்பது கடினமாகும். சினலோவாவின் பண்ணைகளுக்கு ஒவாஹாகா, குர்ரேரோ பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வரும் பழங்குடிப் பெண்களுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறாரோ, இந்தக் கணக்கின்படி முதலாளி அவ்வளவு நேர்மையான வணிகர். கூலியைச் சுரண்டுவது இந்தச் சட்டத்தில் குற்றமே அல்ல. குற்றச்சாட்டிலிருந்து தப்பிக்க அது உதவவும் செய்கிறது.

சினலோவா தக்காளியின் தரத்துக்கும் பெண்களே காரணம். புளோரிடாவில் தக்காளியைப் பச்சையாகப் பறித்து எத்திலீன் வாயுவில் பழுக்க வைப்பார்கள். சினலோவாவில் நிறம் திரும்பும்வரை கொடியில் விட்டுப் பறிப்பார்கள். அது சீக்கிரம் நசுங்கும். நிறம் பார்த்து, அளவு பார்த்து, நசுங்காமல் அடுக்க வேண்டும். கட்டுமானக் கொட்டகைகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மெக்சிகோவிலிருந்து கனடா வரை தக்காளியின் பாதையில் உழைக்கும் பெண்களைப் பற்றி டெபோரா பார்ன்ட் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பெண்களின் விரல்கள் மென்மையானவை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். இந்த விரல் புராணத்தை டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981லேயே உடைத்தார்கள்: பழகிக் கற்ற திறனை இயற்கைக் குணம் என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலி தரவேண்டியதில்லை.

சரி, சேதத்தை அளந்த பக்கத்தில் அமெரிக்கப் பெண் தொழிலாளர்கள் இருந்தார்களா? சட்டப்படி 'உள்நாட்டுத் தொழில்' என்றால் உற்பத்தியாளர்கள். (நம்மிடமும் 'விவசாயி' என்றால் பட்டா வைத்திருப்பவர்தானே, களை எடுப்பவள் கூலிக்காரி.) லாபம், விற்பனை, சந்தைப் பங்கு ஆகியவற்றோடு வேலைவாய்ப்பும் கூலியும் ஆணையம் பார்க்கவேண்டிய பட்டியலில் உண்டு. ஆனால் கூலி அங்கே இரண்டு வேடம் போடுகிறது. மொத்தக் கூலி குறைந்தால் தொழிலுக்குச் சேதம். கூலி உயர்ந்தால் லாபம் குறையும், அதுவும் சேதம்.

தொழிற்சங்கமும் மனுக் கொடுக்கலாம் என்கிறது அதே சட்டம். ஆனால் சங்கங்களுக்கு அங்கீகாரம் தரும் 1935ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலுறவுச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களை வெளியே நிறுத்திவிட்டது. இன்றும் நிலை அதுதான்.

அதனால் புளோரிடாவின் இம்மோகாலியில் தொழிலாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். 32 பவுண்டு வாளி நிறையப் பறித்தால் அவர்களுக்குக் கிடைத்தது 45 சென்ட் அளவில். தக்காளி வாங்கும் பெரிய கம்பெனிகள் பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகத் தரவேண்டும் என்று இம்மோகாலி தொழிலாளர் கூட்டமைப்பு கேட்டது. நான்கு ஆண்டுப் புறக்கணிப்புக்குப் பிறகு 2005இல் டாகோ பெல் பணிந்தது. 1996இன் மனுதாரர்களில் ஒன்றான புளோரிடா தக்காளி விவசாயிகள் எக்ஸ்சேஞ்ச், இந்த ஒரு சென்ட்டைக் கைமாற்றிவிடும் உறுப்பினருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் என்று 2007இல் மிரட்டியது. இறக்குமதியால் தங்கள் தொழிலுக்குச் சேதம் என்று மனுக் கொடுத்த அதே அமைப்பு! 2010இல்தான் இறங்கி வந்தது. அடுத்து உருவான நியாய உணவுத் திட்டத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான விதிகளும் இடம்பெற்றன. அதன் தேவை பெண்களுக்குத் தெரியும். புளோரிடாவின் ஒரு காய்கறிப் பண்ணையில் மேற்பார்வையாளர்களின் வல்லுறவுக்கும் தொல்லைக்கும் உள்ளாகி, எதிர்த்ததால் வேலையிழந்த ஐந்து பெண்களுக்கு 1.74 கோடி டாலர் தரவேண்டும் என்று 2015இல் மியாமி நீதிமன்ற ஜூரி தீர்ப்புச் சொன்னது. சேதத்தை அளக்கும் ஆணையத்தின் பட்டியலில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

சமரசம் 2002, 2008, 2013, 2019 எனப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. குறைந்தபட்ச விலையும் உயர்ந்தது. உயர்ந்த விலையில் பறிப்பவருக்கு இவ்வளவு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. 2025 ஜூலை 14இல் அமெரிக்கா சமரசத்திலிருந்து விலகி, பெரும்பாலான மெக்சிகோ தக்காளிக்கு 17.09 சதவீதக் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. அந்தப் பணம் அமெரிக்கக் கருவூலத்துக்குப் போகிறது.