பெயருக்குள்ள ஒரு இடைவெளி

போல்டருக்குள்ள போல்டர், அதுக்குள்ள இன்னொண்டு. இந்த அடுக்கு கணினியோட கூடப்பிறந்ததில்லை. 1965இல் மல்ரிக்ஸ் திட்டத்துக்காக டேலியும் நியூமனும் எழுதின கட்டுரை, கோப்புகளை மரம்போலக் கிளைவிட்டு அடுக்கும் முறையை விரிவாகச் சொன்னது. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் தொடங்கின யுனிக்ஸும் அந்த வழியில்தான் போனது.

மரம் வளர, அதில ஏறித் தேட ஆள் தேவைப்பட்டது. டிக் ஹெய்ட் எழுதின 'பைண்ட்' கட்டளை 1974இல் யுனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வந்தது. ஒரு அடைவைக் காட்டினால் போதும். கடைசிக் கிளைவரை போய் பெயர், திகதி, அளவு பார்த்துக் கோப்புகளைப் பொறுக்கித் தரும். 1973இல் வந்த 'பைப்' அந்தப் பட்டியலை அடுத்த கட்டளைக்குக் கடத்தும். நாலு வரி ஷெல் ஸ்கிரிப்டில ஆயிரம் கோப்புகளைக் கையாளலாம்.

சிக்கலும் அங்கதான். பட்டியலை வாங்கிக் கொடுக்கிற 'எக்ஸ்ஆர்க்ஸ்', இடைவெளி வந்தால் பெயர் முடிஞ்சுது எண்டு நினைக்கும். 'பழைய படம்' எண்ட கோப்பை அழிக்கச் சொன்னால் அது இரண்டு பெயராக உடையும். நீங்கள் நிற்கிற அடைவில 'படம்' எண்டு வேறொரு கோப்பு கிடந்தால், போறது அதுதான். குப்பைக் கூடையும் இல்லை, திருப்பி எடுக்க.

ஏன் இப்பிடி? ஆரம்ப யுனிக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு 14 பைற்தான். இடைவெளிக்குத் தடை இல்லை, ஆனால் சின்னச் சின்ன ஆங்கிலச் சொல்லோட வேலை செய்தவைக்கு அது தேவைப்படேல்லை. பிறகு 1992இல் அதே தொம்சன் ரொப் பைக்கோடு சேர்ந்து உருவாக்கின யுரிஎப்-8இல் தமிழ் எழுதினால், 'அம்மா' எண்ட பெயருக்கே 15 பைற் வேணும். பழைய யுனிக்ஸில அம்மாவுக்கு இடமில்லை.

பெயருக்குள்ள ஒருக்காலும் வரமுடியாத வெற்றுப் பைற்றால் பெயர்களைப் பிரிப்பதுதான் தீர்வு. குனு கருவிகள் 'பிரின்ற்0' எண்டு அதை எப்பவோ தந்துவிட்டன. பொசிக்ஸ் தரநிலை அதைச் சேர்த்தது 2024இல்தான். 'பைண்ட்' வந்து சரியாக 50 வருசம்.

ஆகவே ஸ்கிரிப்ட் எழுதேக்க 'பிரின்ற்0'ஐயும் 'எக்ஸ்ஆர்க்ஸ்'இன் '-0' தெரிவையும் சேர்த்தே பாவியுங்கோ. அழிக்க முதல் பட்டியலை ஒருக்கா திரையில போட்டுப் பாருங்கோ. எங்கட பெயர்கள் எப்பிடி இருக்குமெண்டு அந்தக் கருவியைச் செய்தவைக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்தானே.