பட்காய் மலைகளும் இந்திய–மியான்மர் எல்லையும்

இந்தியாவையும் மியான்மரையும் பிரிக்கும் 1,643 கி.மீ. எல்லை நெடுகிலும் பட்காய், நாகா, மணிப்பூர், மிசோ மலைகள் வடக்குத் தெற்காக அடுக்கடுக்காக நிற்கின்றன. இந்திய நிலத்தட்டு பர்மாத் தட்டின் அடியில் நுழைந்தபோது கடலடி வண்டல் மடிந்து எழுந்தவை இவை. உயர்ந்த சிகரமான சாரமதி 3,826 மீட்டர். இத்தனை மலை இருப்பதால் எல்லையை இயற்கையே வகுத்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆறுகள் அதற்கு உடன்படவில்லை. இம்பால் சமவெளியின் நீரைத் திரட்டும் மணிப்பூர் ஆறு மியான்மருக்குள் இறங்கி, ஐராவதியின் துணையாறான சிந்த்வினில் போய்ச் சேர்கிறது. ஆக, இம்பால் ஐராவதி வடிநிலத்தைச் சேர்ந்த ஊர். சின் மலையில் பிறக்கும் கலடான் ஆறோ மிசோரத்துக்குள் புகுந்து, மறுபடி மியான்மர் சென்று சிட்வேயில் கடலில் விழுகிறது.

எல்லைக் கோட்டை வரைந்தது அரசியல்தான். 1228இல் சுகாபா பட்காயைக் கடந்து வந்து அசாமில் அகோம் அரசை நிறுவியபோது இந்த மலை ஒரு பாதையாக இருந்தது. 1826இன் யாண்டபோ உடன்படிக்கை அசாமையும் மணிப்பூரையும் பர்மியப் பிடியிலிருந்து விடுவித்தது. 1834இல் கபா பள்ளத்தாக்கைப் பர்மாவுக்கே திருப்பித் தந்த ஆங்கிலேயர், இழப்பீடாக மணிப்பூர் மன்னருக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தனர். அங்கே எல்லை முகட்டில் அல்ல, மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தது. விலை பேசி நகர்த்தப்பட்ட கோட்டை இயற்கையின் ஏற்பாடு என்பது எப்படிப் பொருந்தும்? 1937இல் பர்மா தனி நிர்வாகமானது; 1967 மார்ச் 10 ஒப்பந்தம் அந்தக் கோட்டை உறுதிசெய்தது. நாகா மலையிலுள்ள லோங்வா கிராமத்தில் அது தலைவரின் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது.

வடக்கே பல இடங்களில் எல்லை நீர்பிரிமுகட்டை ஒட்டிச் செல்வது மெய். மலை கடினமானது என்பதும் மெய்: 1942இல் போருக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து நடந்து வந்த இந்தியர்களில், தமிழர் உட்பட, ஆயிரக்கணக்கானோர் பசியிலும் மலேரியாவிலும் மடிந்தனர். அந்தத் துயரத்தைச் சிறிதாக்கவே கூடாது. ஆயினும் லட்சக்கணக்கானோர் கடந்து வந்தார்கள். கடக்க அரிய இடம் என்பதாலேயே ஒன்று நாட்டெல்லை ஆகிவிடுவதில்லை.

1962 ராணுவ ஆட்சிக்குப் பின் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தமிழகம் வந்தவர்களில் சிலர், இங்கே வாழ வழியின்றி, மணிப்பூர் வழியாகத் தரைமார்க்கமாய்த் திரும்ப முயன்றனர். மலைகளை அவர்கள் தாண்டிவிட்டார்கள். அடிவாரத்தில் பர்மியக் காவல்தான் தடுத்தது. அவர்கள் தங்கிய எல்லையூரான மோரேயில் இன்றும் தமிழர்கள் வாழ்கிறார்கள். அங்காள பரமேசுவரி கோயில் இருக்கிறது.