விளக்கெண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும் அமிலம்

யாராவது பிடி கொடுக்காமல் வழவழா கொழகொழா என்று பேசினால், "வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் வதக்கின மாதிரி பேசுறான்" என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் அந்தக் கொழகொழப்புதான் விமானங்களைப் பறக்க வைத்தது, துணிக்குச் சாயம் ஏற்றியது, பிளாஸ்டிக்காகவும் மாறியது! அதற்கெல்லாம் காரணம் ரிசினோலிக் அமிலம் என்ற ஒரே ஒரு கொழுப்பு அமிலம்.

ஆமணக்கின் தாவரவியல் பெயர் ரிசினஸ் கம்யூனிஸ். லத்தீனில் ரிசினஸ் என்றால் உண்ணி. விதை பார்ப்பதற்கு ரத்தம் குடித்த உண்ணியைப் போல இருப்பதால் வந்த பெயர். விளக்கெண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் சுமார் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலிக் அமிலம்தான். இதில் 18 கார்பன் அணுக்கள் உண்டு. ஆலிவ் எண்ணெயில் இருக்கும் ஒலியிக் அமிலத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், 12ஆவது கார்பனில் ஒட்டியிருக்கும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. அதனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, எண்ணெய் கெட்டியாகிறது. ஆல்கஹாலில் எளிதில் கரையும் இந்த எண்ணெய், பெட்ரோலில் அவ்வளவாகக் கரையாது. இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

பழங்காலத்தில் இதன் முக்கிய வேலை விளக்கு எரிப்பது. தமிழ்ப் பெயரே அதற்குச் சாட்சி. எகிப்தியர்கள் இதை விளக்குக்கும் உடம்பில் பூசவும் பயன்படுத்தியதை கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோடஸ் எழுதி வைத்திருக்கிறார்.

தொழிற்சாலைக்குள் இந்த எண்ணெய் பெரிய அளவில் நுழைந்தது 1870களில். கந்தக அமிலத்தோடு சேர்த்தபோது அது தண்ணீரில் கலக்கும் பொருளாக மாறியது. "டர்க்கி ரெட் ஆயில்" என்ற பெயரில் பருத்தித் துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற உதவியது. சோப்புக்கு அடுத்தபடியாக மனிதன் உருவாக்கிய முதல் சலவைப் பொருட்களில் இதுவும் ஒன்று.

பிறகு வந்தது விமானம். முதல் உலகப்போரில் பறந்த சாப்வித் கேமல் போன்ற விமானங்களில் சுழல் எஞ்சின் இருந்தது. புரொபெல்லரோடு சேர்ந்து எஞ்சினே சுற்றும்! எரிபொருள் எஞ்சினின் உள்பாகம் வழியாகவே போனதால், சாதாரண மினரல் ஆயில் ஊற்றினால் பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். விளக்கெண்ணெயோ கரையாமல் நின்று உராய்வைக் குறைத்தது. பாதி எரிந்த எண்ணெய் விமானியின் முகத்தில் தெறிக்கும். அதைச் சுவாசித்தும் விழுங்கியும் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட விமானிகளின் கதைகள் ஏராளம். 1909இல் சந்தைக்கு வந்த காஸ்ட்ரால் எண்ணெயின் பெயரும் ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

இதே குணம் கொடுமைக்கும் பயன்பட்டது. 1920களில் இத்தாலியில் முசோலினியின் கருஞ்சட்டைப் படையினர், எதிர்க்கட்சிக்காரர்களைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெயை ஊற்றி அவமானப்படுத்தினார்கள். அது வயிற்றைக் கலக்குவது ஏன் என்பதற்குத் தெளிவான விடை கிடைத்தது 2012இல்தான். குடலில் பிரிந்து வரும் ரிசினோலிக் அமிலம் ஈபி3 என்ற ஏற்பியைத் தூண்டுவதை ஜெர்மன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

இந்த அமிலத்தை உடைத்தால் இன்னும் பல பொருட்கள் கிடைக்கும். அதிக வெப்பத்தில் உடைத்தால் அன்டிசைலினிக் அமிலம் வரும். அது சேற்றுப்புண்ணுக்கான பவுடரில் சேரும் பூஞ்சைக்கொல்லி. அதிலிருந்தே பிரான்சில் 1940களில் நைலான் 11 உருவானது. ரில்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, வாகனங்களின் பிரேக் குழாய் வரை போனது. காரத்தோடு சூடாக்கினால் செபாசிக் அமிலம் கிடைக்கும். அது இன்னொரு வகை நைலானுக்கு மூலப்பொருள்.

இனி வணிகக் கணக்குக்கு வருவோம். உலகின் ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இதற்கென ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் ஏற்றுமதியில் பெரும்பகுதி வெறும் எண்ணெயாகவே போகிறது. அதை வாங்கிச் சீன ஆலைகள் செபாசிக் அமிலமும், பிரெஞ்சு நிறுவனம் நைலானும் செய்து பல மடங்கு விலைக்கு விற்கின்றன. விவசாயிக்கோ விதை விலைதான். அதுவும் நிலையில்லை. 2016 ஜனவரியில் விலை கடுமையாகச் சரிந்து, ஆமணக்கின் முன்பேர வர்த்தகமே சில காலம் நிறுத்தப்பட்டது.

ஒரு ஹைட்ராக்சில் தொகுதியின் மதிப்பை வெளிநாட்டு ஆலைகள் எப்போதோ புரிந்துகொண்டன. செடியை வளர்ப்பவருக்கு அந்த மதிப்பில் எப்போது பங்கு கிடைக்கும்? அதைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.