மேளம் நிற்கும் முகூர்த்தம்

எனக்குச் சங்கீத ஞானம் அதிகம் கிடையாது. ஆனால் ஜோராக வாசித்துக்கொண்டிருக்கும் வாத்தியக் கோஷ்டி பாட்டின் நடுவில், அடி கூட முடியாமல், சட்டென்று வாயை மூடிக்கொண்டால், ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று ஊகிக்கிற அளவுக்கு ஞானம் உண்டு. அமெரிக்காவில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், கல்லூரிக் கால்பந்துப் பந்தயம் பார்க்கப் போன இடத்தில் எனக்கு அந்த அனுபவம் ஏற்பட்டது.

என் தங்கையின் மகள் அந்த ஊரில் இருக்கிறாள். அவளுடைய பையன் கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கிறான். பந்தயத்தில் அவன் ஆடவில்லை; பாண்டு கோஷ்டியில் டிராம்போன் வாசிக்கிறான். இழுத்து இழுத்துத் தள்ளி வாசிக்கும் அந்த நீளமான பித்தளை வாத்தியத்தைக் கல்யாண ஊர்வலங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேரன் வாசிப்பதைக் கேட்கத்தான் நான் போனேன். ஆனால் அவன் கோஷ்டி நாலு வரி வாசிப்பதும், நிறுத்துவதும், மறுபடி நாலு வரி வாசிப்பதும், மறுபடி நிறுத்துவதுமாக இருந்தது.

"என்னம்மா இது? மூச்சு முட்டுகிறதா இவர்களுக்கு?" என்று கேட்டேன்.

"இல்லை, மாமா. அதோ பாருங்கள், பந்தின் மேல் ஆள் குனிந்துவிட்டான். இனிமேல் வாசித்தால் குற்றம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்க் கல்யாணத்தில் முக்கியமான தருணம் வந்தவுடன் யாராவது ஒரு பெரியவர் விரலை ஆட்டி, "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று கூவுவார். தாலி ஏறும் நேரத்தில் வேறு எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்பது நம் சாஸ்திரம். இங்கேயோ முக்கியமான தருணம் வந்தவுடன் மேளத்தை நிறுத்து என்கிறார்கள். இதற்கு என்ன காரணம் என்று விசாரிக்கப் போய், ஒரு சிறிய சரித்திரமே கையில் சிக்கியது.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர்தான் கால்பந்தே தவிர, காலுக்கும் பந்துக்கும் அங்கே சம்பந்தம் குறைவு. நூறு கஜ நீள மைதானத்தில் பக்கத்துக்குப் பதினொரு பேர் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் புகப் பார்க்கிறார்கள். நாலு முயற்சிக்குள் பத்துக் கஜமாவது முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் இரண்டு அணியும் எதிரெதிரே வரிசை கட்டிக் குனிந்து நிற்கும். நடுவில் இருப்பவன் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பான். அதை வாங்கிக்கொள்ளும் தளபதிக்குக் 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். பந்து எந்தக் கணத்தில் புறப்பட வேண்டும் என்பதை அவன்தான் வாயால் கூவி அறிவிக்கிறான். அந்தக் குரல் காதில் விழாமல் தாக்கும் வரிசையில் ஒருவன் முந்திக்கொண்டு அசைந்துவிட்டால், அவன் அணிக்கு ஐந்து கஜம் நஷ்டம். ஆகவே தோள் பலம், கால் பலம் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, அந்த ஆட்டத்தின் உயிர் காதில் இருக்கிறது.

காது கேளாதவர்கள் ஆடினால் என்ன செய்வார்கள்? அதற்கும் கதை உண்டு. வாஷிங்டன் நகரத்தில் செவிடர்களுக்காக ஏற்பட்ட காலடெட் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1864ல் ஆப்ரகாம் லிங்கன் கையெழுத்திட்டு அளித்தார். அந்தக் கல்லூரி அணியில் 1890களில் பால் ஹப்பர்ட் என்று ஒரு தளபதி இருந்தார். கைச் சைகையால் யோசனை சொன்னால் எதிரிகள் பார்த்துப் புரிந்துகொண்டுவிடுகிறார்களே என்று, தன் ஆட்களை வட்டமாக நெருங்கி நிற்கச் செய்து நடுவில் சைகை காட்டினார். இன்று எல்லா அணிகளும் தலையோடு தலை முட்ட வட்டம் கூடிப் பேசுகின்றனவே, அந்த வழக்கம் அவரிடமிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். பந்து புறப்படும் கணத்தை அறிவிக்க அந்த அணி கையாண்ட உபாயம் இன்னும் விசேஷம். மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெரிய முரசை வைத்துக்கொண்டு அடித்தார்கள். ஆட்டக்காரர்கள் அதன் அதிர்வை உடம்பால் உணர்ந்து பாய்ந்தார்கள். மற்ற இடங்களில் எந்த முரசை வாயடைக்கிறார்களோ, அந்த முரசுதான் அங்கே தளபதியின் குரல்!

இனி பாண்டு கோஷ்டிக்கு வருவோம். கல்லூரிக்கும் பாண்டுக்கும் முடிச்சுப் போட்ட பெருமையிலும் லிங்கனுக்குப் பங்கு உண்டு. உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1862ம் ஆண்டில் மோரில் சட்டம் என்று ஒன்றில் அவர் கையெழுத்திட்டார். விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாகாணங்களுக்கு நிலம் வழங்கிய சட்டம் அது. யுத்த காலத்துச் சட்டம் அல்லவா? ராணுவப் பயிற்சியும் கற்பிக்க வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து இருந்தது. பயிற்சி என்றால் அணிவகுப்பு. அணிவகுப்பு என்றால் முரசும் எக்காளமும். இல்லினாய்ஸ், பர்டியூ, ஒஹாயோ முதலிய சர்வகலாசாலைகளில் பாண்டு பிறந்தது இப்படித்தான். பிள்ளைகள் உடுத்தியிருந்த சீருடையும், காலைத் தூக்கி வைக்கும் மிடுக்கும் பட்டாளத்திலிருந்து வந்தவை.

கல்லூரிகளுக்கிடையே முதல் கால்பந்துப் பந்தயம் 1869 நவம்பர் 6ந் தேதி ரட்கர்ஸ் கல்லூரிக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. அதன் பிறகு கொஞ்ச காலத்துக்குள் பட்டாள வாத்தியம் பந்தயத் திடலுக்கு நகர்ந்துவிட்டது. 1887ல் தங்கள் கல்லூரி ஆடிய முதல் பந்தயத்திலேயே பாண்டு வாசித்தது என்று நோட்டர் டேம் பெருமை பேசுகிறது. முதலில் அவர்கள் வேலை, ஓரமாக உட்கார்ந்து உற்சாகமூட்டுவதுதான். 1907ல் அவர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு பர்டியூ பிள்ளைகள் பட்டாள வரிசையைக் கலைத்துத் தங்கள் கல்லூரிப் பெயரின் முதல் எழுத்தைப் போல நின்று காட்டினார்கள். அதே ஆண்டில் இல்லினாய்ஸ் கோஷ்டி இடைவேளைக் காட்சி ஒன்று நடத்தியது. முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு ஊர்க்காரர்களும் இன்னும் உரிமை கொண்டாடுகிறார்கள். 1936 அக்டோபர் 10ந் தேதி, பிட்ஸ்பர்க் அணியோடு நடந்த பந்தயத்தில், ஒஹாயோ கோஷ்டியார் வாசித்துக்கொண்டே நடந்து தங்கள் மாகாணத்தின் பெயரைக் கூட்டெழுத்தில் மைதானத்தின் மேல் எழுதினார்கள். அந்தப் பெயரில் வரும் 'ஐ' எழுத்துக்குப் புள்ளி வைக்க ஓர் ஆள் கம்பீரமாக நடந்துபோய் நிற்பார். அந்தப் புள்ளியாக நிற்பது அங்கே பெரிய கௌரவம்.

ஓரத்தில் இருந்த விருந்தாளி கூடத்துக்கு வந்துவிட்டால் வீட்டுக்காரர் நாலு நிபந்தனை விதிக்காமல் இருப்பாரா? அதிலும் அந்த வீட்டுக்காரர் நிபந்தனைக்குப் பேர்போனவர். 1905ல் மட்டும் இந்த ஆட்டத்தில் ஏறத்தாழ 18 பேர் உயிரிழந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தை ஒழுங்குபடுத்துங்கள் என்று வற்புறுத்தினார். அதையொட்டி 1906ல் தோன்றிய சங்கம்தான் பிற்பாடு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமாயிற்று. அதன் விதிப் புத்தகம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் ஆட்டத்தின் விதிகள் யார் யாரைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், உற்சாகக் கோஷம் போடுபவர்கள், கோமாளி வேஷக்காரர்கள், ஒலிபெருக்கியை இயக்குபவர்கள் ஆகியவர்களோடு பாண்டு வாத்தியக்காரர்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். ஓர் அணி தன் சங்கேதத்தைக் கேட்க முடியாதபடி இவர்களில் யாரும் ஓசை எழுப்பலாகாது. எழுப்பினால் பதினைந்து கஜம் தண்டனை. தண்டனையை அனுபவிப்பது யார் தெரியுமா? வாசித்தவன் அல்ல, அவனுடைய கல்லூரி அணி!

இதில் ஒரு வேடிக்கை. ஒஹாயோ அரங்கத்திலும் மிச்சிகன் அரங்கத்திலும் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அந்த லட்சம் பேரும் தொண்டை கிழியக் கத்தலாம். அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. இருநூறு வாத்தியக்காரர்கள்தான் வாய் பொத்த வேண்டும். "இது அநியாயம் இல்லையா?" என்று தங்கை மகளிடம் கேட்டேன். "அவர்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள், மாமா. இவர்கள் கல்லூரியைச் சேர்ந்தவர்கள்" என்றாள். வழக்கறிஞர் கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

கையில் மணி வைத்திருக்கும் ரசிகர்களின் கதை வேறு. மிஸிஸிப்பி மாகாணக் கல்லூரி ரசிகர்களுக்கு மாட்டு மணி என்றால் உயிர். தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 1974ல் இப்படிப்பட்ட ஓசைக் கருவிகளுக்குத் தடை போட்டது. ரசிகர்கள் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போய் ஆட்டினார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. கடைசியில் 2010ல் சமரசம் ஏற்பட்டது: இன்ன இன்ன நேரத்தில் ஆட்டலாம், பந்து புறப்படும் நேரத்தில் ஆட்டினால் கல்லூரிக்கு அபராதம்.

வாத்தியக்காரர்களின் சரித்திரத்தில் அழியாத நாள் 1982 நவம்பர் 20. கலிபோர்னியாவில், பெர்க்லி நகரத்து அரங்கத்தில், ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியா சர்வகலாசாலையும் மோதின. முடிய நாலே வினாடி இருக்கும்போது ஸ்டான்ஃபோர்டு 20–19 என்று முந்தியது. அதன் பிறகு அவர்கள் உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்த கலிபோர்னியா ஆட்டக்காரர்கள் அதைக் கீழே விழவிடாமல், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஐந்து முறை மாற்றிக்கொண்டே ஓடினார்கள். நடுவில் ஒருவன் மடக்கப்பட்டு விழுந்தது போலத் தோன்றிற்று. ஆட்டம் முடிந்தது, நம் கல்லூரிக்கு வெற்றி என்று நினைத்த ஸ்டான்ஃபோர்டு பாண்டு கோஷ்டியினர், 144 பேர், மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஆட்டமோ முடியவில்லை! கெவின் மோயன் என்ற ஆட்டக்காரன் பந்தோடு அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, எக்காளங்களையும் முரசுகளையும் விலக்கிக்கொண்டு ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டி, கடைசியில் ஒரு டிராம்போன்காரன் மேல் மோதி அவனைச் சாய்த்தான். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். அரங்கம் மூச்சடக்கிக் காத்திருந்தது. 25–20 என்று கலிபோர்னியாவுக்கு வெற்றி!

அந்த வெற்றிக்கு அடையாளமான கோடரி இரண்டு கல்லூரிகளுக்கும் மாறி மாறிப் போகும். அது ஸ்டான்ஃபோர்டு கையில் இருக்கும்போதெல்லாம் அன்றைய கணக்கை 20–19 என்று மாற்றி எழுதிவிடுவார்களாம்! மோதலில் சிக்கிய டிராம்போனோ, கல்லூரிக் கால்பந்து வீரர்களின் நினைவு மண்டபத்தில் காட்சிப் பொருளாக இடம் பெற்றது.

அன்று வாத்தியக்காரர்கள் மோயனை மறித்து நிறுத்தியிருந்தாலும் ஸ்டான்ஃபோர்டுக்கு லாபம் இருந்திராது. ஆட்டத்துக்கு வெளியே இருப்பவர் குறுக்கிட்டால், நியாயம் என்று படுகிறதைச் செய்ய நடுவருக்கு அதிகாரம் உண்டு, புள்ளியையே கொடுத்துவிடலாம். அவர்கள் செய்த பிழை துரோகம் அல்ல, அவசரம். தங்கள் முறை வருவதற்கு நாலு வினாடி முன்னால் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது அவர்களுக்கு வேறொரு சங்கடம் வந்திருக்கிறது. ஒலிபெருக்கியும் விதிக்கு உட்பட்டதுதான் என்றேன் அல்லவா? 2014ல் தென்கிழக்குக் கூட்டமைப்பு, பந்தின் மேல் ஆள் குனிகிற நேரம் தவிர மற்றபடி எப்போது வேண்டுமானாலும் இசை ஒலிக்கலாம் என்று அனுமதித்தது. வாத்தியக்காரர்களுக்கு நல்ல காலம் என்று தோன்றும். ஆனால் கிடைத்த அந்த இடைவெளிகளில் பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் அலறவிடுவது பல அரங்கங்களில் வழக்கமாகிவிட்டது. யந்திரத்துக்கு மூச்சு வாங்காது, உதடு வீங்காது, விடியற்காலையில் ஒத்திகைக்கு எழுப்ப வேண்டாம். நான் பார்த்த பந்தயத்திலும் பாண்டு கோஷ்டி வாத்தியத்தை வாயருகே கொண்டுபோன பிறகு, ஒலிபெருக்கி முந்திக்கொண்டதால், இறக்கி வைத்ததைப் பல முறை கவனித்தேன். விதி அவர்களை நிறுத்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யந்திரம் அவர்களை நிறுத்தியபோது சிரிப்பு வரவில்லை.

முழுமையாக அவர்களுக்குச் சொந்தமானது இருபது நிமிஷ இடைவேளை ஒன்றுதான். கறுப்பர் கல்லூரிகளில் அந்த இருபது நிமிஷத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. பந்தயம் முடிந்த பிறகு இரண்டு கோஷ்டிகளும் எதிரும் புதிருமாக நின்று போட்டிக்கு வாசிப்பதும் அங்கே வழக்கம். அப்போது விதிப் புத்தகமும் இல்லை, நடுவரும் இல்லை.

அன்று மாலை பேரன் டிராம்போன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். உதடு சிவந்திருந்தது.

"பாட்டைப் பாதியில் நிறுத்துகிறபோது கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "இல்லை, தாத்தா. நாங்கள் நிறுத்தினால்தானே அவர்கள் பந்தை எடுக்க முடியும்? நாங்களும் ஆட்டத்தில் இருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிகிறது" என்றான்.

கெட்டி மேளத்துக்கு விரல் ஆட்டுகிற பெரியவரை நினைத்துக்கொண்டேன். கொட்டச் சொன்னாலும் நிறுத்தச் சொன்னாலும், அந்த விரல் தேடுவது மேளக்காரனைத்தான். அவன் இல்லாத பந்தலில் விரலை யாரைப் பார்த்து ஆட்டுவது?