மாவுப் பையில் மலர்ந்த பள்ளிச் சட்டை

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முன்னோர் வாக்கு. உடையின் சிறப்பு விலையில் இல்லை, தூய்மையில் உள்ளது என்பதே அதன் கருத்து. ஆயினும், பள்ளிக்கூடத்து வாயிலில் நிற்கும் சிறு பிள்ளைக்கு இந்த அறிவுரை எளிதில் ஆறுதல் தருவதில்லை. நாம் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது, வளர வளரப் பிரித்துவிடலாம் என்று அன்னையார் நம் அரைக்கால் சட்டையின் ஓரத்தை அகலமாக உள்மடித்துத் தைத்திருந்தார். மறு ஆண்டு அதைப் பிரித்தபோது, வெயில் படாத பகுதி மட்டும் அடர்ந்த நீலமாகத் தனியே தெரிந்தது. ஓராண்டு முழுதும் அப்பட்டையைப் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டே நடந்தோம்.

பிற்காலத்தில் அமெரிக்க நாட்டு மலைவாழ் மக்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது, கடல் கடந்த அந்த மண்ணிலும் இதே கூச்சமும் இதே ஊசியும் இருந்தமை கண்டு வியந்தோம். அவ்வரலாற்றின் ஒரு சிறு பகுதியை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். கென்டக்கியின் கிழக்குப் பகுதி, மேற்கு வர்ஜீனியா, டென்னசியின் கிழக்குப் பகுதி, வட கரோலினாவின் மேற்குப் பகுதி ஆகியவை அதன் நடுவிலும் தெற்கிலும் அடங்கும். அங்குக் குறுகிய பள்ளத்தாக்குகளில் சிறு நிலத்தை உழுது வாழ்ந்த குடும்பங்கள் பல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்தம் உடை பெரும்பாலும் வீட்டிலேயே உருவாயிற்று. ஆளிநார் நூலைப் பாவாகவும் ஆட்டுமயிர் நூலை ஊடையாகவும் இட்டு முரட்டுத் துணி நெய்தனர். அக்ரூட் இனத்து மரமொன்றின் காய்த்தோலைக் கொதிக்க வைத்துப் பழுப்புச் சாயம் ஏற்றினர். இருப்புப் பாதையும் அஞ்சல்வழி விற்பனையும் வந்த பின்னர் ஆலைத்துணி மலையேறியது. ஆனால் அதனை வாங்கக் கையில் காசு வேண்டுமே! அக்காசு இல்லாத வீடுகளுக்குத் துணை நின்றது தீவனப் பை.

சாக்கு என்றால் நமக்குச் சணல்தான் நினைவிற்கு வரும். அங்கோ மாவும் சர்க்கரையும் கோழித் தீவனமும் பருத்தித் துணிப் பைகளில் வந்தன. முன்னர் இப்பண்டங்கள் மரப் பீப்பாய்களில் அடைக்கப்பட்டன. தையல் இயந்திரம் பரவி, கனம் தாங்கும் தையலை விரைவாகப் போட முடிந்த பின்னரே துணிப்பை பீப்பாயின் இடத்தைப் பிடித்தது. நூறு பவுண்டு தீவனப் பையைப் பிரித்து விரித்தால் ஒரு கெசத்திற்கு மேல் துணி கிடைக்கும். பையின் வாயைச் சங்கிலித் தையலால் மூடியிருந்தமையால், நுனியைப் பற்றி இழுத்தால் நூல் முழுதும் உருவிக்கொண்டு வரும். அந்நூலையும் பெண்கள் வீணாக்கவில்லை. சுற்றி வைத்துப் பின்னலுக்கும் தையலுக்கும் பயன்படுத்தினர்.

பையின்மேல் அச்சிட்டிருந்த ஆலையின் பெயரை அகற்றுவதுதான் பெரும்பாடு. சவர்க்காரம் இட்டு ஊறவைத்து, மண்ணெண்ணெய் தடவித் தேய்த்தாலும் சில எழுத்துகள் போகா. மாவு நிறுவனத்தின் பெயர் உள்ளாடையில் தெரிந்தது பற்றிய வேடிக்கைக் கதைகள் அந்நாட்டில் ஏராளம்.

இந்நிலையில் 1924ஆம் ஆண்டு ஆசா பேல்ஸ் என்பவர், கட்டம் போட்ட துணியாலான மாவுப் பைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். செயின்ட் லூயி நகரத்து மாவாலை ஒன்று அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர்ப் பூக்களும் பறவைகளும் அச்சிட்ட பைகளைப் பல நிறுவனங்கள் போட்டியிட்டு வெளியிட்டன. கழுவினால் போகும் மை வந்தது. எளிதில் உரியும் காகித முத்திரை வந்தது. 1929க்குப் பின் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியில் இப்பைகளின் தேவை பெருகியது. ஒரு பெண்மணியின் உடைக்கு ஏறத்தாழ மூன்று பைகள் வேண்டும். அவை ஒரே அச்சாகவும் இருத்தல் வேண்டும். எனவே, கடைக்குச் செல்லும் கணவரிடம் துணித்துண்டைக் கொடுத்து, அதற்கு இணையான பையாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லும் வழக்கம் தோன்றிற்று. கோழி என்ன தின்னும் என்பதைவிட, மகள் எதை உடுத்துவாள் என்பதே தீவனத்தைத் தேர்ந்தெடுத்தது.

இதனை வணிகர்தம் கருணை என்று சிலர் எழுதுவர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. பூப்போட்ட பை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வெறும் வெள்ளைப் பையை வெளுத்துத் தைத்தவர்கள் அத்தாய்மார். அவர்களுடைய ஊசி சென்ற வழியில்தான் ஆலையின் கணக்கு பின்தொடர்ந்தது.

அதே வேளையில், வறுமைக்குப் பூச்சூட்டி மகிழ்வதும் முறையன்று. டென்னசி மாநிலத்துச் செவியர் மாவட்டத்தில் 1946இல் பிறந்த டாலி பார்ட்டன் என்னும் பாடகியின் வாழ்வு இதற்குச் சான்று. பன்னிரு பிள்ளைகளுள் நான்காமவரான அவருக்கு, அன்னையார் பல நிறத் துணுக்குகளை இணைத்து ஒரு மேலங்கி தைத்தார். தைக்கும்போதே, விவிலியத்தில் வரும் யோசேப்பின் பலநிற அங்கியின் கதையையும் கூறினார். பெருமையோடு பள்ளி சென்ற சிறுமியைப் பிற பிள்ளைகள் எள்ளி நகைத்தனர். அந்நிகழ்ச்சியை அவர் பாடலாக்கி 1971இல் வெளியிட்டார். அவருடைய புகழ்மிக்க பாடல்களுள் அது ஒன்றாயிற்று. அங்கியை எண்ணிப் பெருமை கொண்டதும் அழுததும் ஒரே குழந்தைதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னமையாலேயே அப்பாடல் மக்கள் நெஞ்சில் நின்றது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான காகிதப் பைகள் பெருகின. 1960களில் துணிப்பை ஏறக்குறைய மறைந்தது. 1959இல் கான்சாஸ் மாநிலப் பெண்மணி ஒருவர் பைத்துணியில் தைத்த உடை, வாஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றது. ஆனால் மலைப்பள்ளிகளுக்கு அணிந்து சென்ற சட்டைகளுள் பெரும்பாலானவை தங்கைக்குச் சென்று, பின்னர் ஒட்டுப்போர்வையாகி, இறுதியில் துடைக்கும் துணியாகித் தேய்ந்தொழிந்தன.

மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு நாள்தோறும் பழகும் நாம் ஒன்றை அறிவோம். எத்தனை மூட்டைகள் வந்தன, எத்தனை விற்றன என்பதற்குப் பேரேடு உண்டு. எத்தனை இரவுகள் விளக்கொளியில் ஊசி ஓடிற்று என்பதற்குப் பேரேடு கிடையாது. அதனைக் குறித்து வைத்தல் அதை அணிந்த பிள்ளைகளின் கடன். நாம் மறைத்து நடந்த அந்த நீலப்பட்டை, ஓராண்டில் இரண்டு விரற்கடை வளர்வான் மகன் என்று அன்னையார் முன்கூட்டியே நம்பியதன் அளவு. அவர் இருந்த நாளில் அதனை அவரிடம் சொல்லத் தவறினோம்; இன்று இங்கு எழுதி வைக்கின்றோம்.