ஹெபடைடிஸ் பி மேற்பரப்புப் புரதம்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'எச்பிஎஸ்ஏஜி' என்று அச்சாகும் இது, ஹெபடைடிஸ் பி வைரஸின் வெளியுறைப் புரதம். 1963இல் பாரூக் பிளம்பெர்க் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தநீரில் இதைக் கண்டார். 1976இல் நோபல் பரிசு பெற்றார். இது நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் மட்டுமல்ல, கல்லீரல் புற்றுநோயில் தானும் கைவைக்கிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த பாமர் பீஸ்லி குழு, இப்புரதம் உடையோருக்குக் கல்லீரல் புற்றின் ஆபத்து 223 மடங்கு என்று 1981இல் அறிவித்தது. கேடு செய்வது வைரஸ், புரதம் கூடவே வருகிறது, அவ்வளவுதான் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். ஆனால் 1989இல் பிரான்சிஸ் சிசாரி குழு, உறைப்புரதத்தின் பெரிய வடிவம் அளவு மீறிச் சுரக்கும்படி எலிகளை உருவாக்கியது. வைரஸ் பெருகவே இல்லை. புரதம் செல்களுக்குள் தேங்க, அவை மடிந்து புதுச் செல்கள் ஓயாமல் பிறக்க, கடைசியில் புற்று வந்தது. மனிதரில் இவ்வளவு தேக்கம் எல்லாருக்கும் நேர்வதில்லை என்பது நியாயமான திருத்தம். என்றாலும் 'பிரீ-எஸ்' என்னும் முன்பகுதி சிதைந்த உறைப்புரதம் நாட்பட்ட நோயாளிகளின் கல்லீரல் செல்களிலும் தேங்கிக் கிடக்கிறது. பித்தநாளப் புற்றில் கல்லீரலுக்குள் எழும் வகையோடும் இவ்வைரஸுக்குத் தொடர்பு உண்டு. கணையப் புற்றில் சான்று மெலிவு, காரணம் என்று சொல்ல இன்னும் போதாது.

இப்புரதம் பற்றிய ஆய்வில் தமிழ்நாட்டின் பங்கு கீழாநெல்லியால் வந்தது. கிராமமானாலும் சென்னையானாலும், காமாலை என்றதும் முதலில் நினைவுக்கு வரும் செடி அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், பிளம்பெர்க்கும் பங்கேற்ற 1988ஆம் ஆண்டு ஆய்வில், 30 நாள் கீழாநெல்லி மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து இப்புரதம் மறைந்ததாக அறிவித்தார். போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தாய்லாந்தில் செய்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமும் பக்குவமும் வேறு என்பார்கள். இருக்கலாம், ஆனால் திரும்பச் செய்து காட்ட முடியாத பலனை மருந்தாகக் கொள்வதற்கில்லை. தவிர, புரதம் ரத்தத்தில் மறைந்தாலும் செல்லின் மரபணுவோடு ஒட்டிக்கொண்ட வைரஸ் துண்டு போய்விடாது; புற்றின் ஆபத்து குறையும், அற்றுப்போகாது.

ஆகவே வந்தபின் விரட்டுவதைவிட வராமல் தடுப்பதே வலுவான வழி. இதே புரதத்தை ஈஸ்டில் வளர்த்துச் செய்ததுதான் 1986இல் வந்த தடுப்பூசி. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் இந்தியாவிலேயே அதைத் தயாரித்தது. அதற்கு முந்தைய வகைத் தடுப்பூசியை 1984இலேயே பச்சிளங்குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய தைவானில், 6 முதல் 14 வயதினரிடையே கல்லீரல் புற்று லட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36ஆக இறங்கியது. கைக்குழந்தையாக இருக்கையில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நாள்பட்ட நோயாகிவிடுவதால், இந்திய அட்டவணை முதல் தவணையைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறது.